ஃபைகாவாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: டோங்காக்காரர்கள் வட்டத்தில் எங்கே உட்காருவது, எப்படிக் குடிப்பது

நியூசிலாந்தின் தெற்கு ஆக்லாந்தில் ஒரு வீட்டுக் கராஜ். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை மணி. தரை முழுக்கப் பாய். ஒரு முனையில் கால் வைத்த பெரிய மரக் கிண்ணம், அதிலிருந்து நீண்டு போகும் வட்டத்தில் இருபது ஆண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பசிபிக் தீவு நாடான டோங்காவைச் சேர்ந்த, கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் ஃபைகாவாவுக்கு, அதாவது காவா என்ற வேர்ப் பானத்தைக் குடிக்கும் கூட்டத்துக்கு, கூப்பிட்டாரே என்று போயிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால், கிண்ணத்துக்கு நேர் எதிரே, மறுமுனையில், ஓர் ஆள் தாராளமாக உட்காரும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று நேராகப் போய் உட்கார்ந்தேன்.

யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சு மட்டும் அரை நொடி தடுமாறி மறுபடி ஓடியது. நண்பர் எழுந்து, முதுகை வளைத்துக் குனிந்தபடியே வந்து, என் தோளைத் தொட்டுச் சிரித்துக்கொண்டே வாசல் பக்கமாகத் தன் அருகில் கூட்டிப் போனார். கல்யாண வீட்டில் மணவறை மேல் ஏறி உட்கார்ந்துவிட்ட குழந்தையை அலுங்காமல் இறக்கிவிடுவார்களே, அப்படி. பத்து நிமிடம் கழித்து வெள்ளை முடியோடு ஒரு பெரியவர் வந்தார். அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்தார். அப்புறம்தான் கிண்ணத்தில் கைவைத்தார்கள்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த அரை நொடிதான். காவாவைப் பற்றி இணையத்தில் தேடினால் ருசி எப்படி, போதை வருமா, உடம்புக்கு ஆகுமா என்றுதான் கிடைக்கும். அதெல்லாம் சொல்கிறேன். ஆனால் டோங்காக்காரர்கள் வீட்டில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எங்கே உட்காருவது என்பதைத்தான்.

போவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியது

காவா என்றதும் அரபுக்காரர்களின் கஹ்வாவோ காஷ்மீரிகளின் தேநீரோ நினைவுக்கு வந்தால் அதை ஓரமாக வையுங்கள். இது ஒரு செடியின் வேர். மிளகு, திப்பிலி, வெற்றிலை ஆகியவற்றின் பேரினத்தைச் சேர்ந்தது. இலையைப் பார்த்தால் நம் ஆட்கள் வெற்றிலை என்றே சொல்லிவிடுவார்கள், அதே இதய வடிவம். நம் ஊரில் நிச்சயதார்த்தம் என்றால் வெற்றிலை பாக்கு மாற்ற வேண்டும், அழைக்கப் போனாலும் தாம்பூலம் வேண்டும். அந்த வெற்றிலையின் ஒன்றுவிட்ட உறவு பசிபிக் தீவுகளில் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது.

வேரைக் காயவைத்து இடித்துப் பொடியாக்கித் தண்ணீரில் கரைத்துப் பிழிகிறார்கள். அவ்வளவுதான். புளிக்க வைப்பதில்லை, காய்ச்சுவதில்லை, இதில் சாராயச் சத்தே கிடையாது. வேரில் உள்ள காவாலாக்டோன் என்ற வேதிப்பொருள்கள் தசையைத் தளர்த்தி மனதை அடங்கவைக்கின்றன. குடித்துவிட்டுச் சண்டை போடுகிற வழக்கம் இங்கே இல்லை. நேரம் ஆக ஆகக் குரல் தணியும், விளக்கொளி கண்ணைக் கூசும், தூக்கம் சொக்கும்.

இந்தச் செடியில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இதற்கு விதை பிடிக்காது. தண்டை வெட்டி நட்டால்தான் உண்டு. வனுவாட்டுப் பக்கம் தோன்றியதாகத் தாவர ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அங்கிருந்து ஃபிஜி, டோங்கா, சமோவா, ஹவாய் வரை போயிருக்கிறது என்றால், ஒவ்வொரு தீவுக்கும் யாரோ ஒருவர் ஈரத் துணியோ இலையோ சுற்றிப் படகில் கொண்டுபோயிருக்க வேண்டும். நியூசிலாந்துக்கு வந்த மாவோரிகளுக்கு மட்டும் குளிர் ஒத்துழைக்கவில்லை, காவா இங்கே வளரவில்லை. இங்கிருந்த அதே மிளகு இனத்துச் செடி ஒன்றுக்குக் கவகவா என்று பெயர் வைத்து மனதைத் தேற்றிக்கொண்டார்கள். என் வீட்டு வேலியோரம் கூட அது நிற்கிறது.

பெயர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சமோவாவில் ‘அவா’, ஃபிஜியில் ‘யங்கோனா’. ஃபிஜியில் 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்களின் வாரிசுகள் அதைக் ‘கிராக்’ என்பார்கள், சாயங்காலம் வீட்டுத் திண்ணையிலேயே கலக்கிவிடுவார்கள். அவர்களோடு உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஃபிஜியில் கோப்பை வாங்கும்போது ஒரு கைதட்டல், குடித்ததும் மூன்று கைதட்டல், கூடவே ‘புலா’ என்று ஒரு சத்தம். அதையெல்லாம் அப்படியே டோங்காக்காரர்கள் நடுவில் எடுத்து விடாதீர்கள். கோபப்பட மாட்டார்கள், ஆனால் ராத்திரி முழுக்க உங்களை வைத்துத்தான் சிரிப்பு ஓடும்.

எந்த மாதிரிக் கூட்டம் என்று கேட்டுவிடுங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு போக முடியாது. கூப்பிட்டவரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

உச்சியில் இருப்பது தௌமாஃபா காவா, அரசர் அமரும் சடங்கு. 2008-ல் ஐந்தாம் ஜார்ஜ் துபோவுக்கும் 2015-ல் ஆறாம் துபோவுக்கும் தேவாலயத்தில் கிரீடம் வைத்தார்கள் என்பது உலகச் செய்தி. அதற்கு முன்பே தலைநகர் நுகுஅலோஃபாவில் அரண்மனையை ஒட்டிய திடலில், மரபுப் பட்டம் பெற்றவர்கள் சூழ, சமைத்த பன்றிகளும் கிழங்குகளும் காவா வேர்களும் குவிந்திருக்க, அரசர் காவா குடித்தாயிற்று. ஊர்க்காரர்கள் பலரைப் பொறுத்தவரை அரசருக்கு உண்மையான பட்டம் ஏறியது அங்கேதான். பிரபுக்களுக்கும் அப்படியே: பட்டப் பெயரைச் சொல்லி அழைத்து, அந்தக் கோப்பையைக் குடித்த பிறகுதான் அவர் அந்தப் பெயருக்கு உரியவர். இந்த வட்டத்தில் இடம் என்பது ஆளுக்கு அல்ல, பட்டத்துக்கு. அப்பா இறந்து மகன் அந்தப் பட்டத்துக்கு வந்தால் அதே இடத்தில் உட்காருவார். இங்கே உங்களையும் என்னையும் பாய் மேல் கூப்பிடப் போவதில்லை. தள்ளி நின்று பார்க்கலாம்.

அடுத்தது கல்யாணம், சாவு, பட்டமேற்பு போன்ற குடும்ப நிகழ்வுகள். சாவு வீட்டில் ராத்திரி முழுக்கக் காவாவும் பாட்டும் நடக்கும். துக்கத்துக்குப் போனால் கறுப்பு உடை, குறைந்த பேச்சு.

மூன்றாவதுதான் நீங்கள் போகப் போவது: ஃபைகாவா. ‘ஃபை’ என்றால் செய்வது. காவா போடுகிறோம், வா, என்கிற அளவில் அர்த்தம். கராஜில், தேவாலயக் கூடத்தில், ரக்பி கிளப்பில் நடக்கும். நிரந்தரமாகக் கூடுகிற குழுவுக்குக் ‘கலாபு’ என்று பெயர், கிளப் என்ற சொல்தான் டோங்கா வாயில் அப்படி ஆகிவிட்டது. பல கலாபுகள் வெறுமனே குடித்துக் கலைவதில்லை. ஊர்ப் பள்ளிக்கூடம், பிள்ளைகளின் படிப்புச் செலவு, புயலில் போன கூரை என்று காசு திரட்டுகின்றன.

நாள் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளியும் சனியும்தான் வழக்கம். டோங்காவின் 1875-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே ஓய்வுநாளான ஞாயிறு புனிதமானது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்னால் பெரியவர்கள் போதகரோடு உட்கார்ந்து ஒரு சுற்றுக் காவா குடிக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. மதுவாக நினைத்திருந்தால் இப்படிச் செய்ய முடியுமா?

உடுப்பு, கையில் எடுத்துப் போவது

நம் வேட்டி மாதிரி ஆண்கள் சுற்றுவது துபேனு. அதன் மேல் இடுப்பில் கட்டும் பாய் தாஓவாலா. சடங்குக்குப் போகிறவர்களுக்கு அது மரியாதை உடுப்பு, பழையதாக நைந்து போனதாக இருந்தால் இன்னும் மதிப்பு. நீங்கள் வாங்கிக் கட்ட வேண்டியதில்லை. அவர்களாகவே கொடுத்தால் மறுக்காமல் கட்டிக்கொள்ளுங்கள். சாதாரண ஃபைகாவாவுக்கு முழங்கால் மூடும் உடுப்பு போதும். மணிக்கணக்கில் தரையில் உட்கார வேண்டும், இறுக்கமான ஜீன்ஸ் போட்டால் அனுபவிப்பீர்கள். நான் அனுபவித்தேன்.

வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பொட்டலம் காவாப் பொடி வாங்கிக்கொள்ளுங்கள், தீவுக்காரர்கள் கடைகளில் கிடைக்கும். அதை நேராகக் கிண்ணத்தருகே கொண்டுபோய் நீட்டாமல், கூப்பிட்டவரிடம் கொடுத்தால் அவர் உரியவரிடம் சேர்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். மிட்டாய் ஒரு பை சேர்த்து வாங்குங்கள். கசப்புக்கு எல்லோரும் மிட்டாய்தான் தேடுவார்கள். கலாபுவாக இருந்தால் சில்லறை நோட்டு கொஞ்சம் வைத்திருங்கள், தட்டு சுற்றி வரும்.

வயிறு: முட்டத் தின்றுவிட்டுப் போனால் குமட்டும், பட்டினியாகப் போனாலும் குமட்டும். நாலைந்து மணிக்கு லேசாக ஏதாவது சாப்பிட்டு நிறுத்திவிடுங்கள். அன்றைக்கு பீர், விஸ்கி எதுவும் வேண்டாம்.

உள்ளே நுழைவது, உட்காருவது

வாசலில் நில்லுங்கள். இதுதான் மொத்தப் பாடமும். நின்றால் யாராவது பார்ப்பார்கள், கை காட்டுவார்கள், அங்கே போய் உட்காருங்கள். கை காட்டுகிறவருக்குத் தெரியும் யார் வரப் போகிறார், எந்த இடம் யாருக்கு என்று.

உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து போக நேர்ந்தால் முதுகை வளைத்து, ‘துலோவ்’ என்று மெல்லச் சொல்லிக்கொண்டு போங்கள். மன்னிக்க, கடந்து போகிறேன் என்று அர்த்தம். பெரியவர்கள் முன்னால் குனிந்து போகும் பழக்கம் நமக்கும் இருந்ததுதானே.

வட்டத்தின் தலைப்பகுதியில் உட்காருபவர் ஓலோவாஹா. அவருக்கு இரு பக்கமும் மாதாபுலே எனப்படும் பேச்சுக்காரர்கள்; தலைவருக்காகப் பேசுவதும் முறை சொல்வதும் அவர்கள் வேலை. எதிர்முனையில் கிண்ணம், அதன் பின்னால் காவா கலக்குபவர். சாதாரண கராஜ் கூட்டத்தில் மாதாபுலே என்று யாரும் தனியாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் தலைமாட்டு இடம் தலைமாட்டு இடம்தான், வயசில் மூத்தவரோ போதகரோ பட்டக்காரரோ வருவார் என்று காலியாக விட்டு வைத்திருப்பார்கள். நான் போய்க் குந்தியது அங்கே.

சம்மணம் போட நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, வெள்ளைக்காரர்கள் படுகிற பாட்டைப் பார்க்கும்போது நம் பாட்டிமார்களுக்கு நன்றி சொல்லத் தோன்றும். ஆனால் மூன்றாவது மணி நேரத்தில் நமக்கும் கால் மரத்துப் போகும். காலைக் கிண்ணத்தை நோக்கி நீட்டக் கூடாது. எழுந்து வெளியே போய் உதறிவிட்டு வரலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கிண்ணம், கொட்டாங்குச்சி, எச்சில்

கிண்ணத்துக்குப் பெயர் குமெடே. ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. உள்பக்கம் வருஷக்கணக்கில் காவா ஊறிச் சாம்பல் பூத்த பளபளப்போடு இருக்கும். பொடியைத் துணிப்பையில் கட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிசைந்து பிழிகிறார்கள். பழைய முறையில் ஃபௌ மரத்துப் பட்டை நாரால் கோதிக் கசட்டை எடுப்பார்கள். ஃபௌ நம் பூவரசுக்கு உறவு. சடங்குகளில் இன்றைக்கும் நார்தான். கலக்குபவர் அதைத் தண்ணீரில் வீசி, அள்ளி, முறுக்கி, உயர்த்திப் பிழியும் கையசைவு நாட்டியம் மாதிரி இருக்கும். அதைப் பார்க்கவே சடங்குக்குப் போகலாம்.

அதற்கும் முந்திய முறை ஒன்று உண்டு. 1806-ல் ஹாஅபாய் தீவுகளில் பிடிபட்ட ஆங்கிலேயக் கப்பல் ஒன்றில் வில்லியம் மரைனர் என்ற பையன் இருந்தான். நாலு வருஷம் டோங்காக்காரர்களோடு வாழ்ந்து திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவன் காலத்தில் வேரை வாயில் மென்றுதான் பக்குவப்படுத்தினார்கள். நல்ல பல், சுத்தமான வாய், ஜலதோஷம் இல்லாதவர்கள் மட்டுமே மெல்லலாம் என்று விதி இருந்ததாம். பயப்படாதீர்கள், அது போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

கோப்பை என்பது பாதித் தேங்காய்ச் சிரட்டை, ‘இபு’ என்பார்கள். நம் கொட்டாங்குச்சியேதான், நாரெல்லாம் சுரண்டி மெருகேற்றியது. இங்கே நம் ஆட்களுக்கு ஒரு தர்மசங்கடம் வரும். ஒரே கொட்டாங்குச்சி ஒவ்வொருவர் வாயாகப் போய் வரும். எச்சில் பார்த்துப் பழகிய கை தன்னிச்சையாக அண்ணாந்து ஊற்றப் போகும். செய்யாதீர்கள். ஒன்று, சிந்தும். இரண்டு, ‘உன் வாய் பட்டது எனக்கு வேண்டாம்’ என்று வட்டத்துக்கே சொன்ன மாதிரி ஆகும். சங்கடமாக இருந்தால் சொந்தமாக ஒரு சிரட்டை கொண்டுபோங்கள். கொரோனாவுக்கு அப்புறம் பலர் அப்படிக் கொண்டுவருகிறார்கள், யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

முறையான கூட்டத்தில் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு பெயர் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் கையைக் குழித்துத் தட்டி, இங்கே இருக்கிறேன் என்று காட்டுவார். கொண்டுவருபவர் அங்கே போவார். உங்கள் பெயரைக் கூப்பிட்டால் நீங்களும் தட்டுங்கள். கராஜில் இவ்வளவு கெடுபிடி இருக்காது, கை மாறிக் கை மாறிக் கோப்பை வந்து சேரும். இரண்டு கையாலும் வாங்கி, ‘மாலோ’ என்று நன்றி சொல்லி, ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். தரையில் வைத்து வைத்து உறிஞ்சாதீர்கள், அடுத்தவர் காத்திருக்கிறார்.

ருசி? மழைக்கு மறுநாள் குளத்துத் தண்ணீரில் மிளகுத்தூள் தூவியது போல இருக்கும். நிறமும் அதேதான். குடித்த கொஞ்ச நேரத்தில் நாக்கும் உதடும் மரக்கும். நாட்டு மருந்துக்கடையில் அக்கரகாரம் வாங்கி மென்றவர்களுக்கு இது புதிதல்ல. முகத்தைச் சுளித்தால் பாதகமில்லை, அவர்களே சுளிக்கிறார்கள்.

முதல் தடவை நாலைந்து சிரட்டை போதும். போதும் என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். நிறைய ஊற்ற வேண்டாம் என்று கலக்குபவருக்குக் கை ஜாடை காட்டினால் பாதி ஊற்றுவார்.

கலக்குபவர் யார் என்று கவனியுங்கள்

காவா கலக்குபவருக்குத் ‘தோவுஆ’ என்று பெயர். சாதாரண ஃபைகாவாவில் மரபுப்படி அது கல்யாணமாகாத பெண். ஒரு காலத்தில் ஒரு பெண்ணைப் பார்க்க நினைக்கும் பையன் அவள் தோவுஆவாக உட்காரும் ஃபைகாவாவுக்கு நண்பர்களோடு போவான், அதுவே பெண் பார்க்கும் வழி. இப்போது பல கலாபுகளில் ஆண்களே கலக்கிக்கொள்கிறார்கள்.

பெண் கலக்கினால் ஒரு விதி உண்டு: வட்டத்தில் இருக்கும் எந்த ஆணுக்கும் அவள் சகோதரி முறை ஆகக் கூடாது. டோங்காவில் அக்கா தம்பி, அண்ணன் தங்கை நடுவில் பெரிய மரியாதை இடைவெளி உண்டு. வயசு வந்த பிறகு ஒரே அறையில் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்ப்பதுகூட முன்பெல்லாம் இல்லை. ஃபைகாவாவிலோ கேலியும் காதல் பேச்சும் ஓடும். அதைச் சகோதரி காதில் விழப் பேச முடியாது.

சரி, சகோதரி என்றால் யார்? இங்கேதான் நம் ஆட்கள் தடுமாறுவோம். நமக்குப் பெரியப்பா மகள் அக்கா, அத்தை மகள் முறைப்பெண். அவர்களுக்கு இரண்டு பேரும் சகோதரிதான். அத்தை மகளைக் கட்டுவது எங்கள் ஊரில் சகஜம் என்று ஒரு தடவை வட்டத்தில் சொல்லிவிட்டேன். கிதார் வாசித்தவர் கை நின்றுவிட்டது. அந்தத் தகவலை நீங்கள் கொண்டுபோக வேண்டாம், ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆனால் அத்தையைப் பற்றி நிறையப் பேசலாம். குடும்பத்தில் அப்பாவின் சகோதரிக்குத்தான் அங்கே உச்ச மரியாதை. சகோதரியின் பிள்ளைகள் தாய்மாமனிடம் உரிமையோடு எடுத்துக்கொள்ளலாம், அந்த உரிமைக்கு ‘ஃபஹு’ என்று பெயர். அரச சடங்கில்கூட, மேல்நிலை ஃபஹு உறவுக்காரர் வந்து பிரபுவின் முன் வைத்த உணவுப் பங்கை எடுத்துக்கொண்டு போவார், பிரபு பார்த்துக்கொண்டிருப்பார். தாய்மாமன் சீர் பற்றி நான் சொன்னபோது, ‘அப்படியானால் நீங்களும் மனிதர்கள்தான்’ என்று ஒரு பெரியவர் தலையாட்டினார். அத்தை மகள் விவகாரம் அதோடு மன்னிக்கப்பட்டது.

பெண் வாசகர்களுக்கு: பெரும்பாலான கலாபுகள் இன்னும் ஆண்கள் கூட்டம்தான். ஆக்லாந்து போன்ற ஊர்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரும் வட்டங்களும் உண்டு. எந்த மாதிரி என்று முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். தோவுஆவாக உட்காரச் சொன்னால், கேலிப் பேச்சு எந்த அளவுக்குப் போகும் என்று கூப்பிட்டவரிடம் நேராகக் கேட்பதில் தப்பில்லை. பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தோவுஆவை எந்த அளவுக்குச் சீண்டலாம் என்பதில் டோங்காக்காரர்களுக்குள்ளேயே இப்போது வாதம் நடக்கிறது.

பேச்சும் பாட்டும்

உங்களிடம் முதலில் வரும் கேள்வி என்ன வேலை என்பதல்ல. எந்த ஊர், யார் மகன், எந்தச் சபை. நம் ஊர்ப் பேருந்தில் பக்கத்து சீட்டுத் தாத்தா கேட்பது போலவே. சும்மா ‘இந்தியா’ என்று முடித்துவிடாமல் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், அப்பா என்ன செய்தார் என்று சொல்லுங்கள். உங்களை எங்கே பொருத்துவது என்று தேடுகிறார்கள், உதவி செய்யுங்கள்.

யாராவது முறையாகப் பேச ஆரம்பித்தால் எடுத்தவுடன் விஷயத்துக்கு வர மாட்டார். தலைமாட்டில் இருப்பவர், பட்டக்காரர்கள், போதகர்கள் என்று வரிசையாக மரியாதை சொல்லி முடித்த பிறகே விஷயத்தைத் தொடுவார். ‘ஃபகதபு’ என்பார்கள் இதை. நம் மேடைகளில் ‘அவர்களே, அவர்களே’ என்று அடுக்குவது ஞாபகம் வரும், ஆனால் இங்கே யாரும் கொட்டாவி விடுவதில்லை, வரிசை பிசகுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறார்கள். அந்த நேரம் நீங்கள் போனை எடுக்காதீர்கள்.

நியூசிலாந்தில் 2018 கணக்கெடுப்பில் 82,000-க்கும் மேல் டோங்காக்காரர்கள் இருந்தார்கள். டோங்கா நாட்டின் மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய ஒரு லட்சம்தான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு டோங்கா மொழி தட்டுத் தடுமாறித்தான் வரும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞன் கிரேன் ஓட்டுபவன், ஆக்லாந்தில் பிறந்தவன். ஃபகதபு வரிசையை இங்கேதான் கற்றேன் என்றான். முதல் வருஷம் முழுக்க வாசலோரம் உட்கார்ந்து கோப்பை கழுவினானாம். தன் பாட்டனுக்கு எந்த ஊர் மண், எந்தப் பட்டக்காரர் கீழ் என்பதையெல்லாம் பெரியவர்கள் கேலியோடு கேலியாக அவன் தலையில் ஏற்றிவிட்டார்கள். தமிழ்ப் பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

பேச்சு ஓயும்போது பாட்டு வரும். ‘ஹிவா ககலா’ என்ற காதல் பாட்டுகள். ககலா என்றால் மணமுள்ள பூ, மாலை. காதலியின் பெயரைச் சொல்லாமல் பூவின் பெயரால் பாடுவார்கள். 1918 முதல் 1965 வரை ஆண்ட சலோட்டே ராணியே இப்படிப் பல பாட்டுகளைக் கட்டியவர். யாரும் தாள் பார்ப்பதில்லை, ஒருவர் எடுத்துக் கொடுத்தால் நாலு வகைக் குரலில் கராஜ் தகரம் அதிரும். நடுராத்திரிக்கு மேல் உங்களையும் பாடச் சொல்வார்கள், தப்பிக்க முடியாது. எல்லோரும் சேர்ந்து தொடையில் தாளம் போடுகிற மாதிரி ஒரு பழைய படப் பாட்டைத் தயாராக வைத்திருங்கள். இரண்டாவது தடவை பல்லவி வரும்போது அவர்கள் அதற்கும் மேல்சுருதி சேர்த்துவிடுவார்கள்.

எலியும் கரும்பும்

எப்படியும் யாராவது இந்தக் கதையைச் சொல்வார்கள். முன்பே தெரிந்திருந்தாலும் புதிதாகக் கேட்பது போலக் கேளுங்கள்.

எஉவேஇகி என்ற குட்டித் தீவு. பஞ்ச காலம். துஇ டோங்கா, அதாவது பேரரசர், கடலுக்குப் போன வழியில் அங்கே கரை ஏறினார். தீவில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பெருஞ்சேம்பு. அதன் மேல் அரசர் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார், எனவே அதையும் பிடுங்க வழியில்லை. ஃபெவங்கா, ஃபெஃபாஃபா என்ற கணவன் மனைவியிடம் அரசருக்குப் படைக்க வேறு எதுவும் இல்லை. தொழுநோய் கண்ட தங்கள் ஒரே மகள் கவாஓனாவைக் கொன்று அடுப்பில் வைத்தார்கள். விஷயம் தெரிந்ததும் அரசர் தொடவில்லை, புதையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். புதைத்த இடத்தில் தலைமாட்டில் ஒரு செடி, கால்மாட்டில் ஒரு செடி. ஓர் எலி முதல் செடியைக் கடித்தது, தள்ளாடியது. அடுத்ததைக் கடித்தது, நிமிர்ந்து ஓடியது. முதலாவது காவா, இரண்டாவது கரும்பு.

கதையைச் சொல்பவர் இங்கே சிரிப்பார், எலி தள்ளாடியதை நடித்துக் காட்டுவார். நல்லதங்காளையும் சிறுத்தொண்டரையும் கேட்டு வளர்ந்த நமக்கு அடுப்பு வந்த இடத்திலேயே தொண்டை அடைத்திருக்கும். கேலி ஓடிக்கொண்டிருந்த அந்தக் கராஜில் மகள் பெயர் வந்தபோது மட்டும் இரண்டு பெரியவர்கள் கண்ணைத் தாழ்த்தியதைப் பார்த்தேன்.

உடம்பு, வண்டி, விமான நிலையம்

இதில் விளையாட்டு வேண்டாம். ஈரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், தூக்க மாத்திரையோ மனநோய் மருந்தோ எடுப்பவர்கள் குடிக்கக் கூடாது. வட்டத்தில் உட்காரலாம், கோப்பை வந்தால் நன்றி சொல்லித் திருப்பிவிடலாம். வேறு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். மதுவோடு கலக்கவே கூடாது. தினமும் மிதமிஞ்சிக் குடிப்பவர்களுக்குத் தோல் வறண்டு செதில் செதிலாகும். நிறுத்தினால் சரியாகும். பழகிய ஆட்கள் கையைப் பார்த்தாலே தெரியும்.

வண்டி ஓட்டாதீர்கள். ‘இது மது இல்லையே, எனக்கு நிதானம் இருக்கிறதே’ என்று தோன்றும். நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் ஆறு மணி நேரத்தில் மூன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கவைத்துப் பார்த்தார்கள். கைகால் வேகம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்று பிரித்தறியும் திறன் மழுங்கியது. சாலைச் சந்திப்பில் அதுதானே வேண்டும்?

ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகிறவர்கள்: 18 வயதுக்கு மேற்பட்ட பயணி தன் சொந்த உபயோகத்துக்கு 4 கிலோ வரை எடுத்துப் போகலாம் என்று 2019 இறுதியில் உயர்த்தினார்கள், அதற்கு முன் 2 கிலோ. வேருக்கோ பொடிக்கோதான் அந்த அனுமதி. பிரிட்டனில் உணவாக விற்கத் தடை. போகிற நாட்டு விதியைப் பார்த்துக்கொண்டு பெட்டி கட்டுங்கள்.

கிளம்புவது

ஃபைகாவா விடிய விடியப் போகலாம். கடைசி வரை இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஓசைப்படாமல் நழுவாதீர்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்த சுற்று ஊற்றுவதற்கு முன்னால் கூப்பிட்டவர் காதில் சொல்லுங்கள். அவர் தலைமாட்டுப் பக்கம் பார்த்து உங்களுக்காக இரண்டு வார்த்தை பேசுவார். அங்கிருந்து ஒரு தலையசைப்பு வரும். அப்புறம் எழுந்து, ‘மாலோ’ சொல்லி, துலோவ் துலோவ் என்று குனிந்தபடியே வாசலுக்குப் போங்கள். சாப்பாட்டுப் பொட்டலம் ஏதாவது கையில் திணிப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னை நண்பரின் அக்கா மகன் கொண்டுவந்து விட்டான், அவன் அன்று குடிக்கவில்லை. ராத்திரி இரண்டு மணி. மனைவி கதவைத் திறந்து, மூக்கைச் சுருக்கி, ஒரு அடி பின்னால் போனாள். “என்ன, மண்ண அள்ளித் தின்னுட்டு வந்தீங்களா?”

இல்லை, காவா என்று சொல்ல வாயைத் திறந்தேன். உதடு மரத்திருந்ததில் வெறும் காற்றுதான் வந்தது.